நேற்றைய ஏட்டைக் காட்டும் கட்டளை

வெள்ளாங்குளத்திலிருந்து மாணவர் ஒருவர் எமக்கு மடல் வரைந்துள்ளார். தம் ஊரின் குளங்கள், வயல்கள், வாய்க்கால்கள் ஆகியவற்றின் பெயர்களையும், அப்பெயர்களுக்கு முதியோர் கூறும் காரணங்களையும் கணனியிலே ஒரு கோப்பாகத் தொகுத்து வருகிறாராம். ‘கிட்’ என்னும் பதிப்புக் களஞ்சியத்தில் அக்கோப்பை வைத்துச் சில நாட்களுக்கு ஒரு முறை பதிவு செய்தும் வந்திருக்கிறார். மூதாட்டி ஒருவர் முன்னொரு நாள் சொன்ன விளக்கத்தை இடையிலே தாமே அழித்துவிட்டது நினைவுக்கு வரவே, பழைய பதிவை ஒரு தரம் பார்த்துவிட விரும்பினார். தோழர் ஒருவர் சொல்லிக் கொடுத்த கட்டளையை இட்டார். பழைய கோப்பு வந்தது; புதிய கோப்பு போயிற்று. அவ்வாரம் முழுவதும் எழுதி, இன்னும் பதிவு செய்யாதிருந்த பகுதி சுவடின்றி மறைந்தது. பார்க்கத்தானே விரும்பினேன், ஏன் பறிகொடுத்தேன் என்று வினவுகிறார்.

வினா நியாயமானது. கணனியிலே கட்டுரையோ, கணக்கோ, நிரலோ எழுதும் இளைஞர் பலருக்கு இந்த இடத்திலேதான் கால் இடறுகிறது. ஆகையால் இவ்வாரம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். ஆயினும் விளக்கத்துக்கு முன் மருந்து கொடுப்பதே முறை.

அம்மாணவர் உடனே செய்ய வேண்டியது, அக்கோப்புறை முழுவதையும் அப்படியே வேறோரிடத்தில் படியெடுத்து வைப்பதாகும். இனிச் செய்யும் சோதனை யாவும் அந்தப் படியிலேயே நடக்கட்டும். மறைந்துபோன வாரத்திலே, பதிவு செய்யும் எண்ணத்தோடு ஒரு தரமேனும் ‘கிட் அட்’ என்னும் சேர்க்கும் கட்டளையை அவர் இட்டிருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. அக்கட்டளை இடப்பட்ட கணத்தில் கோப்பு எவ்வாறிருந்ததோ அவ்வாறே அதன் படி ஒன்று களஞ்சியத்தின் உள்ளே போய்விடுகிறது. பின்னர் அதை எந்தப் பதிவும் உரிமை கோராவிட்டாலும் அது உடனே அழிவதில்லை; உறவினர் எவரும் தேடி வராத பொதியைப் போல ஒரு மூலையிலே கிடக்கும். ‘கிட் எஃப்.எஸ்.சி.கே.’ என்னும் கட்டளையை, இரண்டு சிறு கோடுகளின் பின் ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ என்ற சொல்லையும் சேர்த்து இட்டால், அத்தகைய அநாதைத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து, களஞ்சியத்தின் மறைவான கோப்புறைக்குள் அதே பெயருள்ள ஓர் அறையிலே வைத்துவிடும். ஒவ்வொன்றும் நாற்பது எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீண்ட பெயரைத் தாங்கி நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு வார உழைப்பு அங்கே இருக்கக் கூடும்.

இதிலே ஒரு காலக்கெடுவும் உண்டு. எவரும் உரிமை கோராத துண்டுகளை, வழக்கமான அமைப்பின்படி, இரண்டு வாரங்கள் சென்றபின் நடக்கும் துப்புரவின்போது கிட் கழித்துவிடும். அத்துப்புரவு சில வேளைகளில் தானாகவே தொடங்கும். ஆகவே நாட்களை எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம், இன்றே பாருங்கள். சேர்க்கும் கட்டளையை ஒரு தரமும் இட்டிராவிட்டால், களஞ்சியம் அவ்வாரத்தின் எழுத்தைக் கண்டதேயில்லை. காணாததை அது காட்டாது. எழுதுவதற்குப் பயன்படுத்திய செயலி தன் பங்குக்கு ஏதேனும் காப்புப்படி வைத்திருக்கிறதா என்று தேடுவதொன்றே மிச்சமுள்ள வழி.

இனி நோயின் காரணத்துக்கு வருவோம்.

பதிப்புக் களஞ்சியம் என்பது ஒரு கோப்பின் இன்றைய வடிவத்தை மட்டும் வைத்திராமல், நாம் பதிவு செய்த ஒவ்வொரு நாளைய வடிவத்தையும், பதிந்தவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றோடு பேணும் ஏற்பாடு. நம் கைக்கு எட்டும்படி மேசையில் கிடக்கும் இன்றைய பிரதியை ‘கைப்படி’ என்போம். பழைய பதிவு ஒன்றை அணுகுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அப்பழைய வடிவத்தைக் கொண்டுவந்து கைப்படியின் இடத்திலே அமர்த்துவது. மற்றொன்று, கைப்படியைத் தொடாமல், பழைய வடிவத்தின் எழுத்துக்களை மட்டும் திரையிலே ஓடவிட்டு வாசிப்பது. முன்னையது திரும்பிச் செல்லுதல். பின்னையது திரும்பிப் பார்த்தல். அம்மாணவரின் தோழர் சொல்லிக் கொடுத்தது ‘கிட் செக்அவுட்’ என்று தொடங்கும் முன்னைய வகைக் கட்டளையாக இருத்தல் வேண்டும். அதனோடு ஒரு பதிவையும் ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், ஒரு சொல்லும் கேளாமல், ஓர் எச்சரிக்கையும் விடாமல், கைப்படியின் மேல் பழையதை எழுதிவிடும். இவ்விடயத்தில் ‘மெர்க்குரியல்’ என்னும் மற்றொரு களஞ்சியம் சற்று இரக்கமுள்ளது. அதிலே ‘ரிவர்ட்’ என்னும் இணையான கட்டளையை இட்டால், நாம் வேறாகக் கட்டளையிட்டிராத வரையில், திருத்தப்பட்டிருந்த கைப்படியை வேறொரு பெயரில் எடுத்து வைத்துவிட்டே பழையதைக் கொண்டுவரும்.

பார்ப்பதற்கு மட்டும் என்று அமைந்த கட்டளைகள் எளியவை. மெர்க்குரியலிலே ‘எச்ஜி கேட்’ என்று தட்டி, சிறு கோட்டுடன் ‘ஆர்’ என்ற எழுத்தையும், பதிவின் எண்ணையும், கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். ‘எச்ஜி’ என்பது பாதரசத்துக்கு இரசாயன நூலார் இட்ட குறி. மெர்க்குரியல் என்ற பெயருக்கு ஏற்ற சுருக்கம். ‘கேட்’ என்பது பூனையன்று! சங்கிலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் வெட்டுண்ட துண்டு அது. 1971 ஆம் ஆண்டிலே யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் முதற் பதிப்பு வந்தபோதே, கோப்புகளைக் கோத்துத் திரையிலே கொட்டும் கட்டளையாக அது இருந்தது. பின்னர் எழுந்த களஞ்சியங்கள் அப்பெயரையே வாங்கிக் கொண்டன. சப்வேர்ஷனிலும் ‘எஸ்விஎன் கேட்’ உண்டு. கிட்டில் மட்டும் அப்பெயர் இல்லை. அங்கே ‘கிட் ஷோ’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பதிவின் குறியீட்டை எழுதி, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி இட்டு, அதனோடு ஒட்டிக் கோப்பின் பெயரை எழுத வேண்டும். இவற்றைத் தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

முக்காற்புள்ளியின் பின் வரும் பெயரிலே ஒரு சிக்கல் உண்டு. நாம் களஞ்சியத்தின் எந்த உள்ளறையில் நின்று கொண்டு கேட்டாலும், தலைவாசலிலிருந்து அக்கோப்புக்குச் செல்லும் முழு வழியையும் கிட் எதிர்பார்க்கிறது. ‘குளங்கள்’ என்னும் கோப்புறைக்குள் நின்று ‘பெயர்கள்’ என்று மட்டும் கேட்டால், அப்படியொன்றில்லை என்று கைவிரிக்கும். பெயருக்கு முன்னே ஒரு புள்ளியும் சாய்கோடும் இட்டால், நிற்கும் இடத்திலிருந்தே தேடும். கோப்பின் பெயரை இடையிலே மாற்றியிருந்தால், பழைய பதிவிலே பழைய பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். மன்னார்ப் பெருநிலத்தாருக்கு இது புதுமையன்று. மாந்தையின் பழைய செய்திகளைத் தேடுபவர் மாதோட்டம் என்ற பெயரையும் அறிந்திருந்தாலன்றி ஏடுகள் வாய் திறவா.

எல்லாம் சரி, எந்தப் பதிவைக் கேட்பது? அம்மூதாட்டியின் விளக்கம் எந்த நாளில் அழிந்ததென்பது மாணவருக்கு நினைவில்லை. பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதை ஒக்கும். இதற்கென்றே ‘கிட் லாக்’ என்னும் வரலாற்றுக் கட்டளையில் ஒரு கருவி உண்டு. அதனை உண்டாக்கியோர் அதற்குக் குந்தாலி என்று பொருள்படும் பெயரையே இட்டனர். சிறு கோட்டோடு பெரிய ‘எஸ்’ எழுத்தை இட்டு, அதனை ஒட்டி, அவ்விளக்கத்திலே வந்ததாக நினைவிலிருக்கும் ஒரு சொல்லை மேற்கோட்குறிக்குள் கொடுத்தால், அச்சொல் எந்த எந்தப் பதிவிலே கூடியதோ குறைந்ததோ அப்பதிவுகளை மட்டும் தோண்டி எடுத்துத் தரும். பட்டியலிலே முதலில் நிற்பது பெரும்பாலும் அதனை அழித்த பதிவாக இருக்கும். அழித்த பதிவிலே தேடினால் கிடைக்குமா? அதற்கு முந்திய பதிவைக் கேட்க வேண்டும். குறியீட்டின் வாலிலே ஓர் அலைக்கோடும் 1 என்ற இலக்கமும் சேர்த்தால் ‘இதற்கு ஒன்று முன்னையது’ என்று கிட் பொருள் கொள்ளும். இவ்வளவும் கைப்படியில் ஓர் எழுத்தையும் அசைக்காமல் நடைபெறுகின்றன.

அசைக்காமல் பார்த்தல் என்பது எவ்வளவு அரிய வாய்ப்பு என்பதைப் பழைய ஏடுகளோடு மாரடித்தவர்களே அறிவர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, கையிலெடுத்தாலே சிதையும் நிலையில் ஏடுகள் இருந்தமையைப் பதிப்புரையிலே வருந்தி எழுதினார். அங்கே பார்ப்பதே அழிப்பதாக இருந்தது. ஏட்டைப் புதிதாக எழுதிக் கொண்டவர்கள் பழையதை ஆற்றிலே விட்டுவிடும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. அவ்வாறு போன ஏட்டிலே நல்ல பாடம் இருந்ததா, தீய பாடம் இருந்ததா என்பதை இனி யார் சொல்ல வல்லார்?

கணனியாளரும் இவ்வாசையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் இவ்வகைக் களஞ்சியங்களுக்கு முன்னோடியான ஒன்றை உருவாக்கினார். பழைய வடிவத்தைக் கோப்பாக இறக்காமல் திரையிலே மட்டும் காட்டும் வசதி யூனிக்ஸில் வழங்கிய அதன் வடிவத்திலேயே அமைந்திருந்தது. 1982 இல் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி ஆக்கிய ‘ஆர்சிஎஸ்’ முறையிலும் அது உண்டு. கிட்டும் மெர்க்குரியலும் 2005 ஏப்பிரல் மாதத்தில் சில நாள் இடைவெளியில் பிறந்த இரட்டையர் போன்றவை. லினக்ஸ் கருநிரலை எழுதுவோர் அதுவரை பயன்படுத்தி வந்த ‘பிட்கீப்பர்’ என்னும் களஞ்சியத்தின் இலவச உரிமை விலக்கப்பட்டதே இரண்டும் பிறந்ததற்குக் காரணம். ஒன்றை லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். மற்றதை ஒலிவியா மெக்கல் தொடங்கினார்.

இவ்விரட்டையரிடம் உள்ள ஒரு குணம் வெள்ளாங்குளம் போன்ற ஊர்களுக்கு மிகவும் வேண்டியது. சப்வேர்ஷனிலே வரலாறு முழுவதும் எங்கோ உள்ள ஒரு வழங்கியில் இருக்கும். பழைய பதிவொன்றைப் பார்க்க வேண்டுமாயின் அதனோடு தொடர்பு கொள்ள வேண்டும். கம்பி அறுந்தால் வரலாறும் அறுந்தது. கிட்டிலும் மெர்க்குரியலிலும், வழக்கமான முறையிலே படியெடுத்தவர் ஒவ்வொருவர் கையிலும் முதற்பதிவு தொடங்கி அந்நாள் வரையிலான வரலாறு முழுவதும் வந்துவிடுகிறது. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில், இலுப்பைக்கடவையையும் கடந்து வடக்கே, துணுக்காய்க்கும் மாங்குளத்துக்கும் கிளைவழி பிரியும் இடத்திலே உள்ளது அவ்வூர். அங்கே இணையத் தொடர்பு ஒரு நாள் இல்லாது போனாலும், மடிக்கணனியில் மின் உள்ளவரை அம்மாணவர் எந்த ஆண்டுப் பதிவையும் கேட்டு வாசிக்கலாம்.

வேறொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் போக எமக்கு மனம் ஒப்பவில்லை. 2008 ஓகஸ்டில் போர் வெள்ளாங்குளத்தைக் கடந்து சென்றது. வன்னியிலே ஊர் விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் காணி உறுதிகளும், உத்தரவுப் பத்திரங்களும், பிறப்புச் சான்றுகளும், பள்ளிப் பத்திரங்களும் வழியிலே தொலைந்தன. பிரதி வேறெங்கோ ஒரு பணிமனையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரே பிரதியை இடுப்பிலே கட்டிக் கொண்டு நடந்தவர்களின் பாடு பெரும்பாடாயிற்று. 1981 ஜூன் முதலாந் தேதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஒன்று பள்ளியிலே ஒரு கணனியிலும், மாணவர் வீட்டிலே ஒன்றிலும், கடல் கடந்து வாழும் மாமனார் வீட்டிலே ஒன்றிலும் முழு வரலாற்றோடு இருக்குமானால், ஓரிடத்துத் தீ மற்ற இடங்களைத் தொடாது. இருந்தும், பதிவு செய்தால் மட்டும் போதாது. செய்த பதிவுகளை அவ்விடங்களுக்கு அவ்வப்போது அனுப்பியும் வைக்க வேண்டும். தன் மடிக்கணனியிலே மட்டும் கிடக்கும் களஞ்சியம் இடுப்பிலே கட்டிய உறுதிதான்.

பார்க்கும் கட்டளையிலும் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. திரையில் ஓடும் எழுத்துக்களை ஒரு கோப்பிலே சேமிக்க விரும்புவோர், கட்டளையின் முடிவிலே வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி ஒன்றை இட்டு, ஒரு கோப்பின் பெயரைக் கொடுப்பர். அவ்விடத்தில் கை தவறிக் கைப்படியின் பெயரையே கொடுத்தால், மேலே நாம் கண்ட விபத்து மறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கணனி அம்புக்குறியைக் கண்டவுடன் அக்கோப்பை வெறுமையாக்கிவிட்டே கட்டளையைத் தொடங்குகிறது. ‘பழையது’ என்று முன்னொட்டுச் சேர்த்துப் புதுப் பெயர் கொடுக்கும் பழக்கம் நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை. இலங்கைத் தமிழரிடையே நெடுங்காலம் வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவிலே தட்டிய கோப்பாயின், உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துக்களே. எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வேடம் கட்டியது. கட்டளைச் சாளரத்திலே அவ்வேடம் கலைந்து, ‘அம்மா’ என்ற சொல்லும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். களஞ்சியம் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அது உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது. எழுத்துக்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றின் வழியே அதனைச் செலுத்திப் பார்த்தால் தமிழ் மீளும். படங்களை இக்கட்டளையால் திரையில் ஓடவிட்டாலோ, சாளரம் பேய் பிடித்ததுபோல் கிறுக்கத் தொடங்கும். அவற்றை ஒரு கோப்பிலே இறக்கிப் பார்ப்பதே தக்கது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஊர்ப்பெயர்களோடு நில்லாமல், எந்த வயலை எக்குடும்பம் செய்தது, யார் யார் இடம்பெயர்ந்தனர், யார் திரும்பவில்லை என்பனவற்றையும் தொகுக்க எண்ணியிருப்பதாக அம்மாணவர் எழுதியிருக்கிறார். நற்பணிதான். ஆனால் அத்தகைய பெயர்ப்பட்டியலை, பிறர் படியெடுக்கக்கூடிய களஞ்சியத்தில் ஒரு நாளேனும் பதிவு செய்துவிட்டால், மறுநாள் அதனை அழித்துப் பதிந்தாலும் அழிந்ததாகாது. இன்றைய கோப்பிலே இல்லாத பெயரை நேற்றைய ஏட்டிலிருந்து காட்டு என்று எவரும் கேட்கலாம். களஞ்சியமும் நல்லவர், தீயவர் என்று பாராமல் காட்டிவிடும். வரலாற்றைத் திருத்தி எழுதும் கருவிகள் உண்டெனினும், பிறர் வீடுகளுக்குப் போய்விட்ட படிகளை அவை எட்டா.

2004 டிசம்பர் 26 ஆம் தேதியின் ஆழிப்பேரலைக்குப் பின், இலங்கையின் கணனி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் ‘சஹன’ என்னும் மென்பொருளை எழுதினர். நிவாரணம் என்று பொருள்படும் சிங்களச் சொல் அது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருதினை 2006 இற்கு அது பெற்றது. அதன் நிரல் எவரும் எடுத்து வாசிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டது. நிரல் வேறு, அதனுள் நிரப்பப்படும் மக்களின் பெயர்கள் வேறு. வெள்ளாங்குளத்து மாணவரும் குளப்பெயர்க் களஞ்சியத்தை ஊரறியத் திறந்து வைக்கட்டும். குடும்பப் பட்டியலை வேறொரு கோப்புறையிலே, அக்களஞ்சியத்துக்கு வெளியே, பூட்டோடு வைத்து, அக்குடும்பத்தாரைக் கேட்ட பின்னரே எதனையும் பதிவில் ஏற்றட்டும்.